எண்பத்தேழாம் அத்தியாயம்

தீப்பெட்டி ஆபீஸ் தெருவில், சீனியம்மாள் வீட்டுக் கொல்லைத் துவைகல்லின் மேல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி வாக்கில், இடது காலை முன்னாலும் வலது காலைப் பின்னாலும் நீட்டியபடி, கையில் வாளும் முகத்தில் பத்தொன்பது வருஷம் அந்தரத்தில் நின்ற களைப்புமாக வேங்கைமதி வந்து விழுந்தபோது, சீனியம்மாளின் மகள் பூமயில் பக்கத்தில் உட்கார்ந்து, செல்லரிக்காமல் இருக்கப் புத்தகத்தை வெயிலில் விரித்து வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கத்தவில்லை. "கல்லு வழுக்கும், பாத்து எந்திரி" என்று சொல்லிவிட்டு, காற்றில் புரண்ட பக்கத்தின் மேல் ஒரு ஓட்டுச்சில்லை எடுத்து வைத்தாள்.

ஏன் கத்தவேண்டும்? எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு வேங்கைமதியைத் தெரியும். 'கருங்குதிரைக் கோட்டை' என்ற அந்தத் தொடர், ஒரு வாரப் பத்திரிகையில் நூற்றுப் பன்னிரண்டு வாரம் வந்தது. கோட்டையில் வாள்வீரியாகப் பயிற்சிக்குச் சேர்ந்த பதினாறு வயசுப் பெண்ணின் கதை. முதல் இருபது வாரம் அவள் நிற்கப் பழகினாள், அடுத்த இருபது வாரம் விழப் பழகினாள், வாள் கைக்கு வந்தது ஐம்பத்து மூன்றாவது வாரம், அதுவும் மரவாள். தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டிவிட்டு வரும் வழியில் சீனியம்மாள் வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தப் பத்திரிகையை வாங்கி, தொடரை மட்டும் கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டிப் புத்தகமாக்கினாள். அந்தக் காலத்தில் அப்படிச் செய்யாத பெண் அந்தத் தெருவிலேயே கிடையாது. அதனால் வேங்கைமதி வாளை ஓங்கும் பக்கத்தைத் திருப்பினால் பின்னால் மூட்டுவலிக்கு டாக்டர் பதில் சொல்லிக்கொண்டிருப்பார், குதிரை ஏறும் பக்கத்துக்குப் பின்னால் விருச்சிக ராசிக்குச் சந்திராஷ்டமம் இருக்கும்.

அந்தப் புத்தகத்தில் ஒரே ஒரு குறை. எண்பத்தாறாம் அத்தியாயத்தின் கடைசியில், ஆசான் சொன்னார் என்று வேங்கைமதி மலை உச்சியிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு கீழே நிற்கும் கருங்குதிரையை நோக்கிக் குதிக்கிறாள், அடியில் தொடரும் என்று போட்டிருக்கிறது. பக்கத்தைப் புரட்டினால் எண்பத்தெட்டு. அதில் அவள் கோட்டை வாசலில் காவலர்களை அதட்டிக்கொண்டிருக்கிறாள். நடுவில் எண்பத்தேழு இல்லை. குதித்தவளுக்கு இறங்க இடம் இல்லை. தாள் நைந்து, தையல் தளர்ந்து, அந்த இடைவெளி விரல் நுழையும் அளவுக்கு அகன்றுபோன இத்தனை வருஷத்துக்குப் பிறகு, இறங்க இடம் தேடிப் பொறுமை இழந்தவள் துவைகல்லில் விழுந்தாள் என்றால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, இத்தனை நாள் பொறுத்திருந்ததுதான் ஆச்சரியம் என்று தெரு ஒரே நாளில் முடிவுக்கு வந்துவிட்டது.

தெருவுக்கு இருந்த கேள்விகள் வேறு. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, காபியா டீயா, இந்த வாளை ராத்திரி எங்கே வைப்பாள். "இது எந்த நாடு, தாயே? இங்கு ஆள்பவர் யார்?" என்று வேங்கைமதி கேட்டதற்கு, அடுத்த வீட்டுப் பிச்சம்மா, "ஆளுதவுக ஆளுதாவ. நீ மொதல்ல சாப்பிட்டியா, அதச் சொல்லு" என்றாள். சாயங்காலத்துக்குள் தையல்காரர் வந்து அளவெடுத்துவிட்டுப் போனார். மறுநாள் வார்டு கவுன்சிலர் சால்வையோடு வந்தார். மூன்றாம் நாள் பெண்கள் பள்ளியில் அவள்தான் சிறப்பு விருந்தினர். நீங்கள் எல்லோரும் இந்த வீராங்கனையைப் போல் வரவேண்டும் என்று முக்கால் மணி நேரம் பேசிய தலைமையாசிரியர், மேடையை விட்டு இறங்கிய கையோடு, சீருடை மடிப்புக் கலைய ஓடிப்பிடித்து விளையாடிய இரண்டு பிள்ளைகளைப் பிடித்து வெயிலில் முட்டி போடவைத்தார்.

எல்லோரையும்விடப் பெருமைப்பட்டவர் பூமயிலின் தாய்மாமன் குருவையா. பூமயிலுக்கு அப்பா இல்லாததால் அந்த வீட்டில் எது நடப்பது, எது நடக்கக்கூடாது என்பதை அவர்தான் சொல்வார், பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வந்து சொல்வார். இப்போது தினமும் இரண்டு வேளை வந்து, நாற்காலியை வாசலில் போடச்சொல்லி உட்கார்ந்து, வேங்கைமதி வாள் வீசிப் பழகுவதைப் பார்க்க வந்த கூட்டத்துக்கு விளக்கம் கொடுத்தார்.

"வீரம்ங்கிறது நம்ம பொம்பளைங்க ரத்தத்துல உள்ளது, பாத்துக்கிடுங்க. ஆம்பளைதான் அதைப் புரிஞ்சு தட்டிக்கொடுக்கணும்" என்றவர், உள்ளே திரும்பி, "பூமயிலு, காபில சீனி பத்தலட்டி" என்றார்.

பூமயில் சீனி போட்டுக்கொண்டு வந்தாள். அவள் கோபத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும். பெண் போலீஸ் தேர்வில் எழுத்தும் ஓட்டமும் நீளம் தாண்டுதலும் எல்லாம் தேறி, அவளுக்குப் பயிற்சிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. வடக்கே ஒரு ஊரில் ஏழு மாதப் பயிற்சி, அடுத்த திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அசல் கடிதத்தோடு வாசலில் நிற்கவேண்டும், அதற்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிப் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். தபால்காரரிடம் கடிதத்தை வாங்கியது சீனியம்மாள். வாங்கி எங்கே வைத்தாள் என்று கேட்டால், "எங்கயோ வச்சேன். மறந்துபோச்சு" என்பாள், மகள் முகத்தைப் பார்க்காமல்.

குருவையாவின் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவர் மகன் தவசிக்குப் பூமயிலைக் கட்டிவைக்கவேண்டும். தவசி ஒன்பது வருஷமாக அரசாங்கத் தேர்வுக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தான். ஒன்பது வருஷமும் அவன் காலையில் எழும்போது பால் கொதித்திருக்கும், அவன் படிக்கும் அறைப்பக்கம் யாரும் உரத்துத் தும்முவதுகூட இல்லை, பயிற்சி எப்போது முடியும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பூமயிலின் பயிற்சி ஏழே மாதம். அதற்குத்தான் குருவையா கையை விரித்தார். "ஏழு மாசம் பொம்பளப்பிள்ளை வெளியூர்ல, தொப்பியும் பூட்ஸும் போட்டுக்கிட்டு, எவன் எவனோ லெப்ட் ரைட் சொல்லுவான். ஊரு என்ன சொல்லும்?" ஊர் அப்போது வாசலில் நின்று, வாளோடு கரணம் அடித்த ஒரு பெண்ணுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தது.

புதன்கிழமை கொல்லையில் வாளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே வேங்கைமதி கேட்டாள்: "உன் கண்ணில் போருக்குப் புறப்படுபவளின் கலக்கம் தெரிகிறதே, தோழி. என்ன நேர்ந்தது?"

"பயிற்சிக்குக் கூப்பிட்ட ஓலையை ஒளிச்சு வச்சிட்டாங்க."

"பகைவரா?"

"எங்கம்மா."

வேங்கைமதி எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தாள். பகைவரைப் பற்றி ஆசான் முப்பது வாரம் பாடம் எடுத்திருந்தார், அம்மாவைப் பற்றி ஒரு பாராகூட இல்லை. முதல் அத்தியாயத்திலேயே அவள் அனாதை என்று எழுதிவிட்டால் தொடருக்கு எவ்வளவு சௌகரியம் என்று பூமயில் நினைத்துக்கொண்டாள்.

இதற்கிடையில் தெருவில் வேறொரு பெரிய விஷயம் நடந்துகொண்டிருந்தது. வேங்கைமதியின் முதுகில், மேலங்கியின் மேல், எண்பத்தாறாம் அத்தியாயத்தின் கடைசித் தாளுக்குப் பின்பக்கம் இருந்தது அப்படியே அச்சாகியிருந்தது. சுற்றிலும் மிளகாய் பார்டர், நடுவில் 'பத்து வருஷம் கெடாத நார்த்தங்காய் ஊறுகாய்' என்று செய்முறை. அவள் வாள் வீசும்போது பெண்கள் பின்னாலேயே போய்ப் படித்தார்கள். திங்கட்கிழமை முதல்வரியைப் பார்த்துக் கடைக்குப் போய்க் காய் வாங்கி வந்துவிட்டார்கள். "கொஞ்சம் குனிஞ்ச மாதிரி சுத்து தாயி, உப்பு எத்தனை படின்னு தெரியலை" என்று பிச்சம்மா கேட்டதற்கு, வேங்கைமதி குனிந்தபடியே ஏழு சுற்று சுற்றினாள். சீனியம்மாள் வீட்டையும் சேர்த்துப் பத்தொன்பது வீட்டு மாடியில் பத்தொன்பது ஜாடி வெயிலுக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் ஒருத்தி கடைசி வரியைப் படித்தாள்: 'ஏழாம் நாள் மத்தியானத்துக்குள் ஜாடியைத் திறந்து' என்று சொல்லி, அடுத்த வாரம் தொடரும் என்று போட்டிருந்தது. அந்தப் பத்திரிகை எதையும் ஒரு வாரத்தில் முடிக்கிற வழக்கமில்லை, ஊறுகாயைக்கூட ஆவலைத் தூண்டி நிறுத்தும்.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. திறந்து என்ன செய்யவேண்டும்? எண்ணெய் காய்ச்சி ஊற்றவேண்டும் என்றாள் ஒருத்தி, ஊற்றினால் பூசணம் பிடிக்கும் என்றாள் இன்னொருத்தி, பேச்சுவார்த்தை நின்றது. ஒரு பெண் மலையிலிருந்து குதித்து எங்கே இறங்கினாள் என்று பத்தொன்பது வருஷமாகக் கேட்காத தெரு, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் எண்பத்தேழாம் அத்தியாயம் எங்கே எங்கே என்று வீடு வீடாகப் பரண் ஏறித் தேடியது. அந்தக் காலத்தில் தைத்து வைத்ததெல்லாம் பழைய பேப்பர்காரனுக்கும் கரையானுக்கும் போயிருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் பூமயில் வேங்கைமதியின் முதுகுக்குச் சோப்பு போட்டுக்கொண்டிருந்தபோதுதான், அங்கியிலிருந்து இறங்கித் தோலிலும் லேசாகப் படிந்திருந்த அந்த மிளகாய் பார்டரை நிதானமாகப் பார்த்தாள். அதை அவள் வேறெங்கோ பார்த்திருக்கிறாள். ஏழெட்டு வயசில், தரையில் படுத்துக்கொண்டு இந்தப் புத்தகத்தை எத்தனையாவதோ தடவை படித்தபோது, அம்மா பீரோவைத் திறந்தாள். கீழ்த்தட்டில் அடுக்கிய ஜாக்கெட்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு குதிரைக் குளம்பின் படம் எட்டிப் பார்த்தது, பக்கத்துத் தாளின் ஓரத்தில் மிளகாய், மிளகாய், மிளகாய். "யம்மா, பீரோல குதிரை இருக்கு" என்றாள். "சும்மா பேப்பர்" என்று அம்மா பீரோவைச் சாத்தினாள். பீரோவுக்குள் ஒரு குதிரை இருக்கிறது என்று பூமயில் ரொம்ப நாள் நம்பி, பிறகு எல்லோரையும் போல வளர்ந்து மறந்துவிட்டாள்.

இப்போது ஞாபகம் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. அம்மா எதையும் பூட்டி வைப்பதில்லை, பேப்பருக்கு அடியில் வைப்பாள். வீட்டுப் பத்திரம், ஜாதகம், அப்பாவின் இறப்புச் சான்றிதழ் எல்லாம் பீரோத் தட்டில் விரித்த தாளுக்குக் கீழேதான். பீரோச் சாவி அவள் இடுப்பில். அதை மகள் கேட்டால் கிடைக்காது. மாமா இருக்கும்வரை கிடைக்கவே கிடைக்காது.

"நேரே தாக்க முடியாத கோட்டையை என்ன பண்ணணும்னு உங்க ஆசான் சொன்னாரு? எழுபத்தொண்ணாவது அத்தியாயம்" என்றாள் பூமயில்.

"அக்கோட்டையின் மீது வேறொருவருக்கு ஆசை மூட்டவேண்டும்" என்றாள் வேங்கைமதி, கண்ணில் சோப்பு பட்ட எரிச்சலோடு.

ஞாயிற்றுக்கிழமை காலை பூமயில் பிச்சம்மா வீட்டுக்குப் போய் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "அத்தே, ஊறுகாயோட மிச்சம் எங்க வீட்டுப் பீரோக் கீழ்த்தட்டுல இருக்கு."

பன்னிரண்டு மணிக்கு மற்ற பதினெட்டு வீட்டுப் பெண்களும் சீனியம்மாள் வீட்டு வாசலில் நின்றார்கள். நாற்காலியில் இருந்த குருவையா எழுந்து மறித்துப் பார்த்தார். மறிக்க முடியாது என்று தெரிந்ததும் சாஸ்திரத்தை எடுத்தார். "ஞாயித்துக்கிழமை, எமகண்டம். ஒண்ணரை வரைக்கும் பீரோவத் திறக்கக்கூடாது." சரி என்று எல்லோரும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். எமகண்டத்தை மதிக்காத ஊர் இல்லை அது, அதேபோல் ஒன்று முப்பத்தொன்றுக்கு எமகண்டம் முடிந்துவிடும் என்பதையும் அறியாத ஊர் இல்லை. பூமயில் உள்ளே போய்ப் பையில் இரண்டு சுடிதாரும் ஒரு துண்டும் சான்றிதழ்களும் எடுத்து வைத்தாள்.

"என்ன மதினி, சாவியை எடுங்க. எங்க ஜாடி எல்லாம் வெயில்ல நிக்குது" என்றாள் பிச்சம்மா, ஒன்று முப்பத்தொன்றுக்கு.

சீனியம்மாள் தம்பியைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள், சாவியை எடுத்தாள். ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தாள், தேவைக்கு மேலே மெதுவாக. அடியில் நாலு தாள் பழுத்துப்போய்க் கிடந்தது. பீரோ வாங்கிய புதுசில் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று, தட்டில் விரிக்க வேறு பேப்பர் இல்லாமல், அந்த வார இதழைத்தான் படித்த கையோடு கிழித்து விரித்திருந்தாள், பிறகு எடுத்துத் தைத்துக்கொள்ளலாம் என்று. பிறகு என்பது அந்த வீட்டில் வரவில்லை. அவள் தாளைத் தூக்கினாள். அதற்குக் கீழே பழுப்பு நிறக் கவர், முத்திரையோடு.

பூமயில் குனிந்து கவரை எடுத்துப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"ஏட்டி, அதை வச்சிரு. இத்தனை பேர் முன்னால என்னைச் சந்தி சிரிக்க வைக்காத. தவசிக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றார் குருவையா.

"அவுக பயிற்சியில இருக்காகன்னு சொல்லுவீகள்ல மாமா. நானும் பயிற்சியில இருக்கேன்னு சொல்லுங்க."

பிச்சம்மா அதற்குள் தாளைப் பிடுங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, மிளகாய் பார்டருக்குள் இருந்ததைச் சத்தமாகப் படித்தாள்: "ஒரு கிளறு கிளறி, மூடி வைக்கவும்." அவ்வளவுதான். கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "அதான் நான் மொதல்லயே சொன்னேன்" என்றாள்.

மறுபக்கத்தை வேங்கைமதி படித்தாள். அவளுக்கு இதில் உயிரே இருந்தது. மூன்று பக்கத்துக்கு மலையில் மேகம் கவிந்தது, இரண்டு பக்கத்துக்கு மூலிகை மணத்தது, ஒரு பக்கம் முழுக்கக் கருங்குதிரையின் வம்சாவளி. எழுதியவருக்கு அந்த வாரம் வேறு ஏதோ வேலை இருந்திருக்கிறது. ஆனால் கடைசித் தாளின் அடியில், எது முக்கியமோ அந்த இடத்தில், பத்தொன்பது வருஷம் ஜாக்கெட் ஊக்குகளின் துரு பட்டு எழுத்து அழிந்திருந்தது. அவள் தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தாள்.

"தாயே, தாங்கள் இதைப் படித்தவர். நான் அங்கே இறங்கினேனா?"

சீனியம்மாள் ஜாக்கெட்டுகளை மடியில் வைத்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாள். "எறங்கிட்ட தாயி" என்றாள். "கடைசி வரி அதான். குதிரை மேல எறங்கிட்டன்னு. அந்த ஒரு வாரமும் நான் சோறு திங்கலை. ஆபீஸ்ல லேபிள் எல்லாம் கோணக் கோண ஒட்டுனேன். கதைல வாற பிள்ளைக்கே என் வயிறு அந்தப் பாடு பட்டுச்சு. இவ நான் பெத்தது." அவள் மகளைப் பார்க்காமல்தான் சொன்னாள். "பயமா இருந்துச்சு. ஒளிச்சு வச்சேன்."

பூமயிலுக்கு அம்மாவின் மேல் இருந்த இத்தனை நாள் கோபமும், அதனோடு சேர்த்து அவளைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் என்ற ஆசையும் ஒன்றாக வந்தன. மணி இரண்டு ஆகிவிட்டதால் இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பையைத் தோளில் மாட்டினாள்.

"போய்ட்டு வாறேம்மா."

"தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?" என்றாள் சீனியம்மாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு அவள் வரவில்லை. கோணி ஊசியையும் நூலையும் தேடி எடுத்து, புத்தகத்தைப் பிரித்து, எண்பத்தாறுக்கும் எண்பத்தெட்டுக்கும் நடுவில் அந்த நாலு தாளையும் வைத்துத் தட்டி, துரு தின்ற இடத்தில் கடைசி வரியைப் பால்பாயிண்ட் பேனாவால் தன் கையெழுத்தில் எழுதி, பழைய துளை வழியாகவே தைத்தாள். பக்கத்தில் சம்மணமிட்டு டீ குடித்துக்கொண்டிருந்த வேங்கைமதி, "தங்கள் மகளுக்குக் கொல்லையில் நீளம் தாண்டிப் பழகும்போது இடது தோள் சற்றுத் தாழ்கிறது, சொல்லுங்கள்" என்றாள். கடைசி முடிச்சை இழுத்துப் பல்லால் நூலைக் கடித்துவிட்டுச் சீனியம்மாள் நிமிர்ந்தபோது டம்ளரில் பாதி டீ இருந்தது, ஆள் இல்லை. சால்வையை மட்டும் மடித்து வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

தெரு அதையும் சுலபமாகவே எடுத்துக்கொண்டது. வந்த பிள்ளை ஒரு வாரம் இருந்தது, போய்விட்டது, சொல்லிக்கொண்டு போயிருக்கலாம் என்று மட்டும் கொஞ்சம் குறை. குருவையா அன்று சாயங்காலம் வரை தன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. சாயங்காலம் டீக்கடையில் இரண்டு பேர், உங்க வீட்டுப் பிள்ளை போலீஸாமே என்று மரியாதையாக எழுந்து இடம் கொடுக்கவும், உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டு, "நான்தான் போகச் சொன்னேன்" என்றார். அடிக்கப்போகும் பிளெக்ஸில் தன் படத்தை எங்கே போடுவது என்று அன்றைக்கே யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

சீனியம்மாள் அன்று மத்தியானமும் சாப்பிடவில்லை, ராத்திரியும் சாப்பிடவில்லை. திங்கட்கிழமை காலை ஆபீஸுக்குப் போகாமல், பீரோவில் சாய்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறே முக்காலுக்குப் போன் அடித்தது. பின்னால் பஸ் சத்தமும் யாரோ விசில் ஊதுவதும் கேட்டன.

"எறங்கிட்டியா?" என்றாள் சீனியம்மாள்.

"எறங்கிட்டேம்மா."

அவள் போனை வைத்துவிட்டு எழுந்து, பானையில் கையை விட்டுப் பழைய சோற்றைப் பிழிந்து தட்டில் போட்டு, மாடிக்குப் போய்த் தன் ஜாடியைத் திறந்து, நேற்றுத்தான் கிளறி மூடிய நார்த்தங்காயில் இரண்டு துண்டு எடுத்துக்கொண்டு வந்தாள். ஊறுகாய் ஊறவே இல்லை, நாக்கு மரத்துப்போகிற மாதிரி கசந்தது. அவள் இன்னும் இரண்டு துண்டு எடுக்க மறுபடி மாடி ஏறினாள்.